இடிமழைக்குப் பிறகு டிவி எரியவில்லையா?

சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, டிவியிலேயே இருக்கும் பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ரிமோட் பட்டன் இதற்கு உதவாது. சில நிமிடம் கழித்து, எக்ஸ்டென்ஷன் ஒயர் இல்லாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிப் போடுங்கள்.

கோலாலம்பூரில் மாலை இடிமழையின்போது மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால், டிவியின் கட்டுப்பாட்டுச் சில்லு அப்படியே உறைந்துவிடுவதுண்டு. உள்ளே கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் முழுதாக வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும். வெறுமனே அணைத்துப் போடுவது பெரும்பாலும் போதாது.

சிவப்பு விளக்குகூட வரவில்லையா? அதே சாக்கெட்டில் வேறு ஏதாவது சாமானைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால், அப்புறம் டிவி பிளக்கின் பியூஸைக் கவனியுங்கள். நம் ஊர் மூன்று கால் பிளக்குக்குள்ளேயே சின்ன பியூஸ் உண்டு, ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குள் கிடைக்கும். பழையதில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள், 3-க்குப் பதில் 13 போடவே கூடாது.

கருகல் வாடை வந்தாலோ, சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டே இருந்தாலோ இந்த வழி பெரும்பாலும் பலிக்காது. அது போர்டு கோளாறாக இருக்கலாம், பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். பின்மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் ஷாக் அடிக்கலாம்.