ஒரு முகம், நான்கு ஊடகம்: சுயஉருவப்படம் வரையும் முறை

கைபேசியை முதலில் வேறு அறையில் வைத்துவிடுங்கள். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு புடைத்தும் காதுகள் பின்னுக்குப் போயும் தெரியும். லென்ஸ் முகத்துக்கு மிகக் கிட்டே இருப்பதால் வரும் கோளாறு இது. அதைப் பார்த்து எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் சாயல் வராது. படம் பார்த்துத்தான் வரைய முடியும் என்ற நிலையில், கேமராவைக் கண் உயரத்தில் 2 மீட்டர் தள்ளி நிறுத்தி, 2 மடங்கு ஜூமில், டைமர் போட்டு எடுங்கள். மற்றபடி கண்ணாடி போதும்.

கரி, நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், லினோ (லினோலியத் தகட்டைச் செதுக்கி, மை தடவி எடுக்கும் அச்சு) என்ற வரிசையில் போவது நல்லது. கரியில் சரிசெய்த கோட்டை மற்ற மூன்றுக்கும் பயன்படுத்தலாம். லினோவில் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் அது கடைசி. ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் கரி, எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு), லித்தோகிராஃப் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு), மரச்செதுக்கு என்று வாழ்நாள் முழுக்கத் தன் முகத்தைச் செய்துகொண்டே இருந்தார். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஓவிய வகுப்பில் கிடைக்காத பாடம்.

கண்ணாடியும் விளக்கும்

30×40 செ.மீ.க்குக் குறையாத, நெளிவில்லாத கண்ணாடி வேண்டும். வலக்கைக்காரர்கள் அதை ஈசலுக்கு (தாளை நிறுத்தி வரையும் சட்டம்) இடப்பக்கம் செங்குத்தாக நிறுத்த வேண்டும். வலப்பக்கம் வைத்தால் வரையும் கை முகத்தை மறைக்கும். உட்காரும் நாற்காலியின் கால்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் மூக்கு நுனி தெரியும் இடத்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறை தாளிலிருந்து நிமிரும்போதும் மூக்கு அந்தப் புள்ளிக்கு வந்த பிறகே பார்க்கத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாதவர்களின் படத்தில் ஒரு கண் ஒரு கோணத்திலும் மறு கண் வேறு கோணத்திலும் இருக்கும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியின் மேலேயே உச்சந்தலையையும் தாடையையும் குறித்து அளந்து பாருங்கள். உங்கள் தலையின் நிஜ உயரத்தில் சரிபாதிதான் வரும். தள்ளிப் போனாலும் கிட்டே வந்தாலும் அந்தப் பாதி மாறாது. தலை 22 செ.மீ. என்றால் கண்ணாடியில் 11 செ.மீ. பெரிய தாளில் முகம் சின்னதாகப் போய் ஒரு மூலையில் நிற்பதற்கு இதுவே காரணம். முழு அளவில் வேண்டுமானால் ஒவ்வொரு அளவையும் இரண்டால் பெருக்கிக் குறியுங்கள்.

டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், அது நிழலைத் தின்றுவிடும். ஒரே ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை, தலைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் 45 டிகிரியில், 1 முதல் 1.5 மீட்டர் தூரத்தில் வையுங்கள். தாளுக்குத் தனியாக ஒரு சின்ன விளக்கு இருக்கலாம், அதன் ஒளி முகத்தில் படக்கூடாது. வடக்கு ஜன்னல் வெளிச்சமே சிறந்தது, நாள் முழுக்க மாறாது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வது அந்த ஊருக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியனே வடக்குப் பக்கம்தான் இருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கு ஒரு மெல்லிய வெள்ளைத் துணி கட்டாமல் வேலை நடக்காது.

பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் நம் மாநிற முகம் நிழலுருவாகிவிடும். கறுப்புத் துணி போட்டால் தலைமுடி காணாமல் போகும். சாம்பல் அல்லது பழுப்பு நிறப் போர்வை நடுவாந்தரமாக இருக்கும்.

கரி

தேவையானவை: சொரசொரப்பான ஏ2 தாள், வில்லோ மரக் கரிக்குச்சி நாலைந்து, அழுத்திய கரி (கம்ப்ரெஸ்ட் சார்கோல்) ஒன்று, பிசைந்து பயன்படுத்தும் அழிப்பான், பழைய பருத்தித் துணி.

தாளைச் செங்குத்தாக மாட்டுங்கள், தூள் கீழே உதிர்ந்துவிடும். வில்லோ கரியைப் படுக்கவைத்துத் தாள் முழுதும் தேய்த்து, துணியால் துடைத்து, நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் மேல் தலையின் நீள்வட்டம், அதன் சாய்வு, பிறகு கண் வரி. கண் வரி உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிநடுவில் வரும். நெற்றியில் பார்க்க எதுவுமில்லாததால் கண் அதைச் சுருக்கிவிடுகிறது. பழகாதவர்கள் எல்லாருமே கண்களை மேலே ஏற்றித்தான் வைப்பார்கள். அளந்து வையுங்கள்.

அடுத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டின் அடி, கழுத்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நிழலாகத் தெரியும். அந்த ஒரே வடிவத்தை முதலில் நிரப்புங்கள். இமை மயிர், மூக்குத்தி, கண்ணாடி பிரேம் எல்லாம் கடைசி வேலை. வெளிச்சம் விழும் இடங்களை அழிப்பானைக் கூராகக் கிள்ளி ஒற்றி எடுங்கள். அழுத்திய கரி அழியாது. கண்மணி, மூக்குத் துவாரம், உதடுகள் சேரும் கோடு ஆகியவற்றுக்கு மட்டும் கடைசியில் அதைத் தொட்டால் போதும். விரலால் தேய்க்காதீர்கள், தோலின் எண்ணெய் படிந்த இடத்தில் கரி திட்டாகப் பிடித்து, பிறகு எழும்பாது.

வாயை முதல் 20 நிமிடத்துக்குள் வரைந்துவிட வேண்டும். அதற்கு மேல் உட்கார்ந்தால் முகத் தசை தளர்ந்து வாயோரம் தொங்கும். சுயஉருவப்படங்களில் பாதி முகங்கள் கோபமாக இருப்பது குணத்தால் வருவதில்லை, களைப்பால் வருவது.

முடிந்ததும் படத்தைத் தூக்கிக் கண்ணாடியில் காட்டுங்கள். கண்களின் சாய்வு, தாடையின் கோணல் எல்லாம் உடனே தெரிந்துவிடும். பிக்ஸேட்டிவை (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்பிரே) 30 செ.மீ. தள்ளி, வெளியில் வைத்து, மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக அடியுங்கள். ஒரேயடியாக அடித்தால் நீங்கள் ஒற்றியெடுத்த வெளிச்சமெல்லாம் மங்கிவிடும்.

நீர்வண்ணம்

கரிப்படத்திலிருந்து டிரேஸிங் தாளில் கோட்டை மட்டும் எடுத்து, 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாளில் எச்.பி. பென்சிலால் லேசாக மாற்றுங்கள். 28×38 செ.மீ. போதும். நான்கு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் பதியுங்கள்.

எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பெர்மனென்ட் ரோஸ், அல்ட்ராமரைன் (ஆழ்ந்த நீலம்) ஆகிய நான்கு வண்ணம் போதும். 'பிளெஷ் டின்ட்' என்ற டியூபை வாங்காதீர்கள், அது வெளிர்ரோஜா நிறம். முதல் பூச்சு ஓக்கரும் சியன்னாவும். நெற்றி, மூக்கு நுனி, கீழுதடு ஆகியவற்றின் பளபளப்பை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டு முகம் முழுதும் ஓட விடுங்கள். காய்ந்தால் வெளிறும், அதனால் தேவைக்கு மேல் ஒரு படி கருமையாகவே போடுங்கள். இரண்டாவது, சியன்னாவும் ரோஸும் கலந்து நிழல் பக்கம். மூன்றாவது, சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்த ஆழ்ந்த பழுப்பு. தலைமுடிக்கும் இதே கலவைதான், அல்ட்ராமரைன் கொஞ்சம் தூக்கலாக.

பூச்சுகளுக்கு நடுவே புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். அரைகுறையாகக் காய்ந்ததன் மேல் நீர் மிகுந்த தூரிகை பட்டால் கன்னத்தில் ஓரம் பிசிறிய கறை பூக்கும். மழைக்காலத்தில் பொறுமை வேண்டும். கோடையில் எதிர்ப் பிரச்சினை, ஃபேனை நிறுத்தாவிட்டால் பூச்சின் ஓரம் கோடாக உறைந்துவிடும்.

எண்ணெய் வண்ணம்

40×50 செ.மீ. கேன்வாஸ். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரால் வழங்கும் வண்ணத்தட்டில் எல்லோ ஓக்கர், சிவப்பு (இன்று பெரும்பாலும் காட்மியம் ரெட் லைட்), ஐவரி பிளாக், வெள்ளை என்று நான்குதான். மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இவற்றோடு பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தட்டை அப்படியே பின்பற்றுபவர்கள் வெளிச்சப் பகுதிக்கு வெள்ளையைக் கொட்டுவார்கள். கறுத்த தோலில் அது சுண்ணாம்பு அப்பியது மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தை ஓக்கராலும் சிவப்பாலும் ஏற்றுங்கள். வெள்ளை, நெற்றியிலும் மூக்கிலும் உள்ள பளபளப்புக்கு மட்டும். கூர்ந்து பார்த்தால் அந்தப் பளபளப்பில் தோலின் நிறம் இருக்காது, விளக்கின் நிறமே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அது நீலச் சாம்பலாகத் தெரியும். வெள்ளையில் துளி கறுப்பு கலந்தால் அது கிடைத்துவிடும்.

வேலை தொடங்கும் முன்பே ஆழ்ந்த நிழலிலிருந்து வெளிச்சம் வரை ஐந்து கலவைகளைத் தட்டில் வரிசையாகக் கலந்து வையுங்கள். முதல் நாள் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கலந்து நிழல்களை மட்டும் தடவுங்கள். அம்பர் சீக்கிரம் காயும், அடிப்பூச்சுக்கு ஏற்றது. ஐவரி பிளாக் மெதுவாகக் காயும். அதை அடியில் கனமாகப் பூசினால் மேற்பூச்சு பின்னாளில் வெடிக்கும். மேலே போகப் போக லின்ஸீட் (ஆளிவிதை) எண்ணெய் கூட வேண்டும், குறையக் கூடாது. எண்ணெய் குறைந்து ஒளியிழந்த திட்டு தெரிந்தால், காய்ந்தபின் அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு மேலே தொடருங்கள்.

லின்ஸீட் எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

லினோ

கண்ணாடியில் தலை வகிடு இடம் மாறித் தெரியும். வான் கோக் 1889இல் வரைந்த கட்டுப்போட்ட காது படத்தில் வலக்காதில் கட்டு இருப்பது போலத் தெரிவது இதனால்தான், அவர் அறுத்தது இடக்காது. மற்ற மூன்றிலும் இதைத் திருத்தத் தேவையில்லை. லினோவில் தானாகவே சரியாகிவிடும்: கண்ணாடியில் பார்த்ததை அப்படியே லினோவில் போட்டால், அச்சில் மறுபடி திரும்பி, பிறர் பார்க்கும் உங்கள் முகம் வரும். கையெழுத்தை மட்டும் இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும்.

3 மி.மீ. லினோ, 'வி' உளி ஒன்று, 'யு' உளி ஒன்று, ரோலர், கறுப்பு அச்சு மை. லினோவைச் சில நிமிடம் வெயிலில் வைத்தால் இளகி, உளி வழுக்காமல் ஓடும். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

பெரும்பாலோர் முகத்தை முழுக்கக் குடைந்தெடுத்துவிட்டுக் கோடுகளை மட்டும் விடுகிறார்கள். அச்சில் வருவது யாரோ ஒரு வெள்ளைக்காரர். முகத்தைக் கறுப்பாகவே விட்டு, வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் வெட்டுங்கள். பளபளப்பு முதலில், 'யு' உளியால். பிறகு கன்னத்தின் வளைவை ஒட்டி 'வி' உளியால் கோடுகள். நெருங்கினால் வெளிச்சம், விலகினால் நிழல். பளபளப்பை வெட்டிய கையோடு ஒரு சோதனை அச்சு எடுத்துவிடுங்கள். அதன் மேல் வெள்ளைப் பென்சிலால் அடுத்து வெட்டவேண்டியதைக் குறித்து, லினோவில் இடம் வலம் மாற்றி வெட்டுங்கள்.

மையைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். ரோலர் உருளும்போது சன்னமான 'சர்ர்' சத்தம் வர வேண்டும். பிசுபிசுவென்று இழுத்தால் மை அதிகம், மெல்லிய வெட்டுகளெல்லாம் அடைத்துக்கொள்ளும். மெல்லிய தாளை விரித்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மறுபடி தேய்க்கலாம். முதல் இரண்டு மூன்று தாள் எப்போதும் வெளிறித்தான் வரும், புது லினோ மையை ஒழுங்காகப் பிடிக்க அவ்வளவு ஆகும்.