எச்சரிக்கைச் சிட்டைகளைத் தரம்பிரித்து வாசிக்கும் முறை

கல்முனைக் கடையொன்றில் வாங்கிய இறக்குமதிப் பொருளில், கலிபோர்னியா மாநிலத்தின் புற்றுநோய் எச்சரிக்கையைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. 1986இல் அங்கு நிறைவேறிய ‘65ஆம் முன்மொழிவு’ எனும் சட்டத்தின்படி, எச்சரிக்கத் தவறும் நிறுவனத்துக்கு ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 2,500 டொலர் வரை தண்டம் விதிக்கப்படலாம் என்பதால், பலர் முற்காப்பாகவே அந்தச் சிட்டையை ஒட்டிவிடுகின்றனர். இரசாயனம் எவ்வளவு உள்ளதென்பதை அது பெரும்பாலும் கூறுவதில்லை.

மாறாக, இரசாயன ஆபத்தைக் காட்டும் சிவப்பு விளிம்புடைய சாய்சதுரக் குறியீட்டைத் தேடுங்கள். அதனுடன் ‘டேஞ்சர்’ என்றிருந்தால் தீங்கு கடுமையானது. ‘வோர்னிங்’ என்பது அதற்கு அடுத்த நிலை. கையையும் உலோகத்தையும் திரவம் அரிக்கும் படம் மலசலகூடம் கழுவும் அமிலப் போத்தலில் இருந்தால், அதனைக் குளோரின் வெளிற்றித் திரவத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

கண்டதற்கெல்லாம் சிட்டை ஒட்டுவதால் உண்மையான எச்சரிக்கையும் கண்ணில் படாமல் போகிறது என்பதே எனது குறை. அதைவிட மோசமானது சிட்டையே இல்லாத போத்தல். ஆகவே, வயலுக்கு வாங்கிய களைகொல்லியின் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றாமல், மூலப் போத்தலிலேயே, சிட்டை கிழியாதவாறு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.