நேபாள மலைக்குக் கம்பளி வாங்கும் முன்

டெல்லியிலிருந்து நேபாளம் கிளம்புபவர்கள் கரோல் பாக்கில் கம்பளி வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்: அடிவார ஊரின் வெப்பநிலையில், ஏறும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரியைக் கழியுங்கள். அடிவார ஊரான பொக்காரா சுமார் 820 மீட்டர் உயரம், மலை மேலுள்ள காட்சிமுனையான பூன் ஹில் 3,210. ஆக, கீழே விடியற்காலை 16 டிகிரி என்றால் மேலே பூஜ்யத்தை ஒட்டியிருக்கும்.

உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. காற்று விரிந்து குளிர்கிறது. மழைக்கால ஈரக்காற்று மெதுவாகத்தான் குளிரும், அப்போது 5 கழித்தால் போதும்.

டிசம்பர், ஜனவரி விடியலில் பள்ளத்தாக்கில் மூடுபனி தேங்கியிருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது. கனத்த குளிர்காற்று அடியில் தங்கிவிடுவதால், மேல்சரிவு கதகதப்பாகவே இருக்கலாம். முகட்டில் காற்று வீசினால் மட்டும் உடம்புக்கு இன்னும் குளிரும். காற்றுபுகா மேலாடை அவசியம்.