மலையகத்து மீன் தொட்டியில் எத்தனை மீன்? பலரும் விடும் தவறுகள்

கடை முதலாளியிலிருந்து பக்கத்து வீட்டு அண்ணன் வரை எல்லோரும் சொல்வது ஒரே கணக்குத்தான்: ஓர் அங்குல மீனுக்கு ஒரு கலன் தண்ணீர். கப்பி, பிளாட்டி போன்ற சின்ன மீன்களுக்கு இது ஓரளவு பொருந்தும். பெரிய மீனுக்குப் பொருந்தாது. நீளம் இரண்டு மடங்கானால் உடம்பின் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. பத்து கப்பி நீந்தும் தொட்டியில் பத்து அங்குல மீன் ஒன்றால் ஒழுங்காகத் திரும்பக்கூட முடியாது.

கடையில் கண்ட அளவை வைத்துக் கணக்குப் போடுவதும் தவறு. பொலித்தீன் பையில் விரல் நீளத்தில் வரும் சாதாரண பொன்மீன் ஓரடி வரை வளரக்கூடியது. டேங்க் கிளீனர் என்று சொல்லும் மீன் அதையும் தாண்டும். அழுக்கைத் தின்னும் என்று சொல்லி விற்கிறார்கள். அது போடும் கழிவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமான தொட்டி கணக்குப்படி 56 லீற்றர் கொள்ளும். அடியில் கல், மேலே இடைவெளி எல்லாம் போனால் 45 லீற்றர் மிஞ்சும். என்னைக் கேட்டால் அதில் எட்டுப் பத்து ஆண் கப்பி போதும். பெண் கப்பி ஒன்றே ஒன்று வாங்கினாலும் அது வயிற்றில் குஞ்சோடு வர நிறைய வாய்ப்புண்டு. பிறகு மாதம் ஒருமுறை குஞ்சு போடும், எண்ணிக்கை உங்கள் கையில் இருக்காது.

இனி நம்ம ஊர் விஷயம். ‘இங்கே குளிர், குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் அதிகம், அதனால் கொழும்பை விடக் கூடுதலாக மீன் விடலாம்’ என்று சிலர் நினைக்கிறார்கள். முதல் பாதி உண்மைதான். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். குளிரால் கிடைத்த இலாபத்தை உயரம் தின்றுவிடுகிறது. கப்பிக்காக ஹீட்டர் போட்டுத் தண்ணீரை 25 பாகைக்குக் கொண்டுவந்தால் நிலைமை இன்னும் மோசம். கொழும்புத் தொட்டியில் இருப்பதை விட ஒட்சிசன் குறைந்துவிடும். ஆக, ஹீட்டர் வைத்த மலைநாட்டுத் தொட்டியில் மீன் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் முதல் நாளே எல்லா மீனையும் கொட்டுவது இன்னொரு பிழை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நச்சை மாற்றும் பக்டீரியா பில்டரில் பெருக நாலு முதல் ஆறு வாரமாவது ஆகும். ஹீட்டர் இல்லாத குளிர்ந்த தண்ணீரில் அது இன்னும் இழுக்கும். இரண்டு மூன்று மீனோடு தொடங்கி, வாரங்கள் விட்டு விட்டுச் சேருங்கள்.

மிஞ்சிய குஞ்சுகளை ஓடையில் விடாதீர்கள். கடை எடுக்காவிட்டால் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள்.

அப்புறம் கரண்ட். மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழுந்தால் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. பில்டர் நின்றதும் நெரிசலான தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கும். மீன் குறைவாக இருந்தால் பல மணி நேரம் தாங்கும். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள், அந்த நேரத்தில் தீனி போடாதீர்கள்.