டெட்டும் ராபினும் ஏன் ஒட்டவில்லை: காதல் ஜோடியை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைசி எபிசோடின் கடைசி நிமிடம் வரை எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

2005 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் ஆரம்பித்து 2014 மார்ச் 31 அன்று முடிந்த தொடர் அது. 9 சீசன், 208 எபிசோட். 2030-ல் ஒரு அப்பா தன் இரண்டு பிள்ளைகளையும் சோபாவில் உட்காரவைத்து, 'உங்கள் அம்மாவை நான் எப்படிச் சந்தித்தேன் தெரியுமா' என்று கதை சொல்கிறார். அந்த அப்பா டெட் மோஸ்பி. ஆனால் கதை முழுக்க அவர் சுற்றிச் சுற்றி வருவது அம்மாவிடம் அல்ல, தோழி ராபினிடம். கடைசியில், அம்மா இறந்து ஆறு வருடம் கழித்து, பிள்ளைகளே 'போங்கப்பா' என்று அனுப்ப, அவர் ராபின் வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நிற்கிறார். ஒன்பது வருடம் கூடவே வந்த ரசிகர்களில் ஏராளமானவர்களுக்கு அந்தக் காட்சி ஒட்டவே இல்லை. எனக்கும் ஒட்டவில்லை. இத்தனைக்கும் நான் முதல் சீசனில் இந்த ஜோடி சேர வேண்டும் என்று ஆசைப்பட்டவன்.

ஒரு ஜோடி எடுபடவில்லை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது 'கெமிஸ்ட்ரி இல்லை' என்பதுதான். பழியை நடிகர்கள் தலையில் வைத்துவிட்டுப் போய்விடலாம், சுலபம். ஆனால் இரண்டாவது சீசனைத் திரும்பப் பாருங்கள். அந்த வருடம் முழுக்க டெட்டும் ராபினும் ஒன்றாக இருக்கிறார்கள், ஜாஷ் ராட்னருக்கும் கோபி ஸ்மல்டர்ஸுக்கும் நடுவே இயல்பான நெருக்கம் இருக்கிறது, சண்டைகூட நம்பும்படி இருக்கிறது. அதே இரண்டு நடிகர்கள்தான் கடைசிக் காட்சியிலும் நிற்கிறார்கள். அப்படியென்றால் கோளாறு எழுத்தில் இருக்கிறது. காதல் கதை எழுதுகிறவர்கள், வெப் சீரிஸுக்குத் திரைக்கதை பண்ணுகிறவர்கள், யாராக இருந்தாலும் இந்தத் தொடரைப் பிரித்துப் பார்த்தால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் வேர், முடிவை முன்கூட்டியே பூட்டி வைத்ததுதான். பிள்ளைகளாக நடித்த இருவரும் வளர்ந்துவிடுவார்களே என்பதற்காக, அவர்கள் வருகிற கடைசிக் காட்சியைத் தொடரை உருவாக்கிய கார்ட்டர் பேஸும் கிரெய்க் தாமஸும் 2006-லேயே படம்பிடித்து வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் இருந்திருக்கும், தொடர் மூன்று நான்கு சீசனில் முடிந்திருந்தால் அந்த முடிவு அழகாகவே பொருந்தியிருக்கும் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் தொடர் ஓடிக்கொண்டே இருந்தது. டெட் மாறினான், ராபின் மாறினாள், அவர்களுடைய நண்பன் பார்னி என்ற பெண் பித்தன் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு வளர்ந்தான், பார்த்துக்கொண்டிருந்த நாமும் எட்டு வயது கூடிப்போனோம். மாறாமல் இருந்தது பெட்டியில் கிடந்த அந்த நெகட்டிவ் மட்டும். 2006-ன் டெட்டுக்கு எழுதிய முடிவை 2014-ன் டெட்டுக்கு மாட்டிவிட்டார்கள். பத்து வயதில் தைத்த சட்டையை இருபது வயதில் போட்டுவிட்ட மாதிரி, அது எங்கேயும் உட்காரவில்லை.

முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுவது தப்பில்லை. பாத்திரங்கள் வேறு திசையில் நடக்க ஆரம்பித்த பிறகும் முடிவைக் கைவிட மறுப்பதுதான் தப்பு. இதற்கு நேர்மாறான ஒரு உதாரணம் சொல்கிறேன். 2009-ல் ஆரம்பித்த 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடரில் நாயகி லெஸ்லி முதலில் ஆசைப்படுவது மார்க் என்ற நகரத் திட்ட அதிகாரியை. அது எடுபடவில்லை. எழுத்தாளர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை, இரண்டாவது சீசன் முடிவில் மார்க் தொடரைவிட்டே போய்விட்டான், கிட்டத்தட்ட அதே நேரத்தில் பென் வந்தான், ஐந்தாவது சீசனில் லெஸ்லிக்கும் பென்னுக்கும் கல்யாணம். இன்றைக்கு அந்தத் தொடரை நினைத்தால் மார்க் யாருக்கும் ஞாபகம்கூட வருவதில்லை.

சரி, டெட்டும் ராபினும் முதலில் ஏன் பிரிந்தார்கள்? இதை நாம் மறக்கக் கூடாது, ஏனென்றால் தொடரே மறந்துவிட்டது. அவனுக்குக் கல்யாணம் வேண்டும், பிள்ளைகள் வேண்டும், வீடு வேண்டும். அவளுக்கு ஊர் ஊராகப் போய் வேலை பார்க்க வேண்டும், பிள்ளைகள் வேண்டாம். 2007-ல் இரண்டாவது சீசனின் கடைசியில், நண்பர்கள் மார்ஷல் லிலி கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால், இதைப் பேசித்தான் கௌரவமாகப் பிரிந்திருக்கிறார்கள். எனக்கு அந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த முறிவு அதுதான், யார் மேலும் தப்பு இல்லை, இரண்டு நல்லவர்களுக்கு இரண்டு வேறு வாழ்க்கை வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பிரச்சினை என்னவென்றால் அதற்குப் பிறகு ஏழு வருடமும் தொடர் இதை 'நேரம் கூடிவரவில்லை' என்பது போல நடத்தியது. நேரம் கூடாதது வேறு, தேவையே வேறாக இருப்பது வேறு. முதலாவதற்குக் காத்திருந்தால் போதும். இரண்டாவதற்கு யாராவது ஒருவர் மாற வேண்டும், அந்த மாற்றத்தை நாம் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கே இருவரும் மாறவில்லை.

அப்புறம் தடை எப்படி நீங்கியது? இங்கேதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. டெட்டுக்கு வேண்டிய பிள்ளைகளை ட்ரேசி, அதாவது அந்த அம்மா, பெற்றுக்கொடுக்கிறாள், ராபின் தனக்கு வேண்டிய வேலை வாழ்க்கையைத் தனியாக வாழ்ந்து முடிக்கிறாள், பிறகு ட்ரேசி நோயில் விழுந்து 2024-ல் இறந்துபோகிறாள், பாதை திறந்துவிடுகிறது. எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதவில்லை என்றே நம்புகிறேன், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுதான் விடையாக வருகிறது: தொடரின் தலைப்பில் இருக்கிற அம்மா, வேறொரு ஜோடியின் பிரச்சினையைத் தீர்க்க வந்துபோன ஆளாகிவிடுகிறாள். ஒரு ஜோடி சேர்வதற்காக மூன்றாவது ஆளை நீங்கள் இறக்கவைத்தால், பார்வையாளருக்குச் சேர்ந்தவர்கள் மேல் சந்தோஷம் வராது, போனவள் மேல்தான் பாசம் வரும்.

அதுவும் எப்படிப்பட்டவள் ட்ரேசி! எட்டாவது சீசனின் கடைசியில், 2013 மே மாதம்தான் அவள் முகத்தையே காட்டினார்கள். கிறிஸ்டின் மிலியோட்டி நடித்தது. ஒரே சீசன்தான், அதிலும் எல்லா எபிசோடிலும் அவள் முன்னால் நிற்கவில்லை. ஆனாலும் டெட்டுக்கு ஏற்றவள் இவள்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஏன் தெரியுமா? அவளிடம் டெட்டைப் போலவே குட்டிக் குட்டிக் கிறுக்குத்தனங்கள் இருந்தன. காலைச் சாப்பாட்டு மஃபினை வாய் மாதிரி அசைத்துப் பாட்டுப் பாடவைப்பாள், ரோபோக்கள் விளையாடுகிற மாதிரி ஓவியம் வரைவாள். ராபின் கண்ணை உருட்டுகிற டெட்டின் ஜோக்குக்கு இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நமக்கே தோன்றிவிடும். ஒன்பது வருடம் 'இவர்கள் விதிக்கப்பட்டவர்கள்' என்று சொல்லியும் வராத நம்பிக்கை, ஒரு மஃபினில் வந்துவிட்டது.

இதில் எழுதுகிறவர்களுக்கு நேரடியான பாடம் ஒன்று உண்டு. பெரிய செயல்களை மட்டும் நம்பாதீர்கள். முதல் எபிசோடில் ராபின் ஹோட்டல் சுவரில் மாட்டியிருக்கும் நீல நிற ஃபிரெஞ்ச் ஹார்னைப் பார்த்து, இப்படி ஒன்று என் வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று போகிற போக்கில் சொல்கிறாள், டெட் அன்று ராத்திரியே அதைத் திருடிக்கொண்டு போய் அவளிடம் கொடுக்கிறான். 2005-ல் அது இனிமையான காட்சி, நானும் ரசித்தேன். அவனுக்கு அப்போது அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதானே. ஆனால் 25 வருடம் கழித்து அதே ஹார்னைத் தூக்கிக்கொண்டு அதே ஜன்னலுக்குக் கீழே நிற்கும்போது எனக்குத் தோன்றியது, இத்தனை வருடத்தில் இவளைப் பற்றி இவன் புதிதாக எதுவுமே தெரிந்துகொள்ளவில்லையா? இதோடு 'தி ஆபீஸ்' தொடரில் ஜிம், பாமுக்குக் கொடுக்கிற தேநீர்க் கெண்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது சீசன் கிறிஸ்துமஸ் எபிசோட். கெண்டி ஒன்றும் பெரிய பொருள் இல்லை, ஆனால் அதற்குள்ளே அவன் போட்டு வைத்திருக்கும் சின்னச் சின்னப் பொருள்கள் ஒவ்வொன்றும் அவர்கள் இருவருக்கும் மட்டும் புரிகிற ஒரு ஞாபகம். பரிசுகளை மாற்றிக்கொள்ளும் விளையாட்டில் அது வேறொருவர் கைக்குப் போய்விட, தன்னிடம் வந்த ஐபாடைக் கொடுத்துவிட்டு பாம் அந்தக் கெண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். அந்தக் காதலை நம்ப நமக்கு யாரும் வசனம் பேச வேண்டியிருக்கவில்லை.

வசனம் என்றதும் ஞாபகம் வருகிறது. சுற்றி இருப்பவர்கள் வாயால் ஜோடியை விற்பது இன்னொரு தவறு. டெட்டும் ராபினும் சேர்வார்களா என்று மார்ஷலும் லிலியும் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். ஏழாவது சீசனில் ராபின் நேருக்கு நேராக, உன்னை நான் காதலிக்கவில்லை என்று டெட்டிடம் சொன்ன பிறகு, லிலி பந்தயப் பணத்தைக் கேட்க, மார்ஷல் 'இன்னும் இல்லை' என்கிறான். கடைசியில் பிள்ளைகளும் அதையே செய்கிறார்கள், உங்களுக்கு ராபின் அத்தை மேல் ஆசை என்று அவர்கள்தான் டெட்டுக்கே சொல்கிறார்கள். ஒரு பெண் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்கிறாள், கதை அதைக் காதில் வாங்காமல் நண்பனின் ஊகத்தை நம்பச் சொல்கிறது. பார்வையாளர் நண்பனை நம்ப மாட்டார், அவளைத்தான் நம்புவார்.

ராபினுக்கும் பார்னிக்கும் நடந்ததைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒன்பதாவது சீசனின் 24 எபிசோடில் முதல் 22 எபிசோடும் அவர்கள் கல்யாணம் நடக்கிற அந்த ஒரே வார இறுதியில் நடக்கிறது. பதினேழாவது எபிசோடில் விடியற்காலையில் கடற்கரையில் டெட் ராபினின் கையை விடுகிறான், அவள் பலூன் மாதிரி மேலே மிதந்து போய்விடுகிறாள். அவன் மனதிலிருந்து அவளை விட்டுவிட்டான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நான் அழுதேன். சரி, ஒருவழியாக முடிந்தது, இனி இவன் ட்ரேசிக்குத் தயார் என்று நிம்மதியாக இருந்தது. கடைசி இரண்டு எபிசோடில், விளம்பரம் போக முக்கால் மணி நேரம்கூட இல்லாத நேரத்தில், பார்னியும் ராபினும் மூன்றே வருடத்தில் விவாகரத்து செய்துவிட்டார்கள், பார்னி பழையபடி ஆகிவிட்டான், ட்ரேசி படுக்கையில் கிடந்தாள், இறந்தாள், டெட் ஹார்னோடு கிளம்பினான். 22 எபிசோட் ஒரு வார இறுதிக்கு, மீதி இரண்டு எபிசோட் 17 வருடத்துக்கு. ட்ரேசியின் ஆஸ்பத்திரிக் காட்சி சில விநாடிகள்தான், அவளுக்காக டெட் துக்கப்பட்டதை நாம் சரியாகப் பார்க்கவே இல்லை. துக்கத்தைக் காட்டாமல் அடுத்த காதலுக்குப் போனால் அந்த அடுத்த காதலும் இலேசாகிவிடும்.

அவசரம் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இன்னொரு சாட்சி. ஏழாவது சீசனின் மூன்றாவது எபிசோடில் ஜானும் டெனேரிஸும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள், ஏழாவதில் ஒன்றாகிவிடுகிறார்கள். அந்தத் தொடரின் பழைய சீசன்களில் ஒருவர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்துபோகவே அதைவிட அதிக எபிசோட் ஆகும்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மனைவியை இழந்தவர் மறுபடி காதலிப்பது நம்ப முடியாத விஷயம் இல்லை, தப்பும் இல்லை. இந்தத் தொடரே அதை அழகாகச் செய்து காட்டியிருக்கிறது. ட்ரேசியின் முதல் காதலன் மேக்ஸ் அவளுடைய 21-வது பிறந்தநாளன்று இறந்துபோகிறான். தொடரின் 200-வது எபிசோட் முழுக்க அவள் கதைதான், எட்டு வருடம் அவள் அந்தத் துக்கத்தோடு வாழ்வதைப் பார்க்கிறோம், கடைசியில் மேக்ஸிடமே அனுமதி கேட்பது போல வானத்தைப் பார்த்துப் பேசுவதைப் பார்க்கிறோம். அதனால்தான் அவள் டெட்டிடம் வந்தபோது நாம் முழுமனதோடு ஏற்றுக்கொண்டோம். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் டெட்டுக்கு ஏன் செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம். அதே 2014-ல் டிவிடியில் ஒரு மாற்று முடிவு வந்தது, அதில் டெட் ரயில் நிலையத்தில் மஞ்சள் குடைக்கு அடியில் ட்ரேசியைச் சந்திப்பதோடு கதை முடிந்துவிடும். நிறைய ரசிகர்கள் அதையே உண்மையான முடிவாக வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ராபினோடு சேர்கிற முடிவையும் காப்பாற்றியிருக்கலாம் என்றே இன்னும் நினைக்கிறேன். வழி அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது சீசனில் ராபின் வளர்த்த நாய்கள் பழைய காதலர்கள் கொடுத்தவை என்று டெட் முகம் சுளித்து, அவள் அவற்றை அனுப்பிவிட வேண்டியதாயிற்று. கடைசிக் காட்சியில் அவள் வீட்டில் மறுபடி நாய்கள் இருக்கின்றன, இந்த முறை டெட் அதைப் பார்த்து என்ன நினைத்தான் என்று ஒரு காட்சி இருந்திருந்தால் எவ்வளவு சொல்லியிருக்கும். அதைவிட முக்கியமாக, அந்த 2006 காட்சியில் மகள் ஒரு வரி சொல்கிறாள்: ராபின் அத்தை சாப்பிட வரும்போதெல்லாம் உங்கள் இருவரையும் பார்த்தாலே தெரிகிறது என்று. ஆறு வருடம் அந்த வீட்டு மேஜையில் ராபின் வந்து உட்கார்ந்திருக்கிறாள், அம்மா இல்லாத பிள்ளைகளுக்குப் பரிமாறியிருக்கிறாள், டெட் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அந்தச் சாப்பாட்டு மேஜையைத் தொடர் நமக்கு ஒருமுறைகூடக் காட்டவில்லை.