கேமரா விலையில் அடக்கம் பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் விலை உயர்ந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றை வாங்கும் முன் கேட்பது, "இதுக்கு அடக்கம் எவ்வளவு இருக்கும்?" அதாவது, கம்பெனிக்குச் செய்ய ஆகும் செலவு எவ்வளவு? கேட்க வேண்டிய கேள்விதான். கணக்குப் போடும்போதுதான் தப்பு நடக்கிறது.

முதல் தப்பு வரியில். எம்.ஆர்.பி.க்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. 2,36,000 ரூபாயில் 18 சதவீதத்தைக் கழித்து 1,93,520 என்று எழுதக்கூடாது, 1.18ஆல் வகுத்தால்தான் சரியான 2,00,000 வரும். அதிலும் கடைக்காரர், விநியோகஸ்தர் பங்கு போக மிஞ்சுவதே கம்பெனிக்கு. எம்.ஆர்.பி.யை உதிரிபாக விலையோடு நேராக ஒப்பிடுவது, ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குச் சிமெண்டும் மணலும் மட்டும் எண்ணுவது மாதிரி. கண்ணாடிமேல் சாயம் ஊற்றுகிற கைக்கும் கூலி உண்டு.

படத்தைப் பதியும் சில்லான சென்சாரில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெரிய அளவான ஃபுல் ஃபிரேம் 864 சதுர மி.மீ., சிறிய அளவான ஏ.பி.எஸ்.-சி சுமார் 367. பரப்பு 2.35 மடங்கு என்பதால் அடக்கமும் அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். சென்சார்களை வெட்டி எடுக்கும் 300 மி.மீ. சிலிக்கான் வட்டத்தகட்டில் (வேஃபர்) ஓரச் சேதம் போக ஃபுல் ஃபிரேம் ஏறக்குறைய 59, ஏ.பி.எஸ்.-சி 158 தேறும். கணக்குக்காக 20 இடத்தில் பழுது, ஒவ்வொன்றும் ஒரு சென்சாரைக் கெடுக்கிறது என்று வையுங்கள். மிஞ்சுவது 39, 138. வித்தியாசம் மூன்றரை மடங்காகிவிட்டது! போதாததற்கு, சில்லின் வடிவத்தை ஒளியால் பதிக்கும் வழக்கமான லித்தோகிராஃபி இயந்திரம் ஒரே தடவையில் பதிக்கும் பரப்பு 26×33 மி.மீ.; 36 மி.மீ. அகலம் அதில் அடங்காது. இரண்டு தடவை பதித்து ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் தனி இயந்திரம் வேண்டும். வெளிச்சம் மட்டான பட்டாலையில் (செட்டிநாட்டு வீட்டுக் கூடத்தில்) சடங்கு எடுப்பவருக்கு அந்தப் பெரிய சென்சார் தேவைதான். அதன் விலையை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது.

பாகம் குறைந்தால் விலையும் குறையும் என்பது இன்னொரு நம்பிக்கை. லைக்கா கம்பெனியின் எம் 262 கேமரா, 2015இல் 5,195 டாலர். அடுத்த ஆண்டு பின்பக்கத் திரையை எடுத்துவிட்டு வந்த எம்-டி 5,995 டாலர். சிறிய எண்ணிக்கையில் விற்கும் மாடலில் வடிவமைப்புச் செலவு ஒவ்வொன்றின் தலையிலும் கனமாக விழும்: 50 கோடியை 2 லட்சம் கேமராவில் பிரித்தால் 2,500 ரூபாய், 10,000 கேமராவில் பிரித்தால் 50,000. அதைவிட முக்கியம், திரை இல்லாததையே விரும்பி வாங்க ஆள் இருந்தது. அடக்கம் அடித்தளம் மட்டுமே. மேலே எவ்வளவு என்பது வாங்குபவர் மனசு.

முதல் விலை நிலைக்கும் என்று நம்புவதும் ஆபத்து. ஹாசெல்பிளாட் கம்பெனியின் எக்ஸ்1டி கேமரா 2016இல் 8,995 டாலர். அதே 50 மெகாபிக்சலோடு இரண்டாம் பதிப்பு 2019இல் 5,750. அதனால் ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு) போடும்போது மறுவிற்பனை விலையைத் தாழ்த்தியே வையுங்கள். 3 லட்சத்துக்கு வாங்கி 60 கல்யாணம் எடுத்து 1,20,000க்கு விற்றால், ஒரு கல்யாணத்துக்குக் கேமரா செலவு 3,000 ரூபாய்.