கேதார்கண்டாவுக்கு முன் சோளிங்கர்

டிசம்பரில் குடும்பமாக உத்தராகண்டில் இருக்கும் கேதார்கண்டாவுக்கு மலையேறப் போகிறோம். உச்சி கிட்டத்தட்ட 12,500 அடி. பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுத்தது சோளிங்கர் பெரிய மலை, 1,305 படிகள்.

எடை சுமந்து பழக முதுகுப் பையை நிரப்பத் தண்ணீர் பாட்டில்தான் வசதி. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, கணக்கு சுலபம். 34 கிலோ இருக்கும் என் மகளுக்கு மூன்று பாட்டில், அதற்கு மேல் வேண்டாம். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள். தோள் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் சரி. மேலே போனதும் பாதித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிடுங்கள். முழங்காலுக்கு வேலை இறங்கும்போதுதான் அதிகம்.

மலைக்குப் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸையே போட்டு ஏறுங்கள். எண்ணூறாவது படி வாக்கில் மகள் "குதிகால் எரியுதும்மா" என்றாள். கழற்றிப் பார்த்தால் எட்டணா அளவுக்குச் சிவந்திருந்தது. உடனே பிளாஸ்திரி ஒட்டியதால் கொப்புளமாகவில்லை. எரிகிறது என்று சொன்ன அந்த நிமிடமே நில்லுங்கள், அடுத்த மண்டபம் வரட்டும் என்று இழுக்காதீர்கள்.

அப்புறம், குரங்குகள் அதிகம். தின்பண்டம் கையில் தெரியவே கூடாது. இரண்டு வாரம் கழித்து, என் பையில் மட்டும் இன்னும் ஒரு கிலோ கூட்டி மறுபடி ஏறப்போகிறோம்.